கடைசி மதகுக்குக் கீழேயும் ஆறு இருக்கிறது

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளிலும் மதகைத் திறந்து மூடும் பொறியாளர்களுக்கும் லஸ்கர்களுக்கும், தண்ணீர் கேட்டு அவர்கள் முன்னால் மனுவோடு போய் நிற்கும் பாசன விவசாயிகளான அண்ணாச்சிமார்களுக்கும்,

வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். மருதூர் மேலக்கால் பாசனத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் வயல் இருக்கிறது. பிசானப் பருவ நெல்லுக்குத் தண்ணீர் பத்து நாள் தள்ளிப்போனால் எனக்கும் தூக்கம் வராது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால், ஆற்றில் இறங்கினால் கல்லைப் புரட்டிப் பார்க்கிற பழக்கமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்த மடலில் கேட்கப்போவது அந்தக் கல்லுக்கு அடியில் குடியிருப்பவர்களுக்காக. சிரிக்காமல் கடைசி வரை படிக்கவேண்டும்.

காலையில் பேப்பரை எடுத்தால் நம் ஊரில் முதலில் பார்ப்பது அணை நீர்மட்டத்தை. பாபநாசத்தில் 143 அடிக்கு எத்தனை, சேர்வலாறில் 156-க்கு எத்தனை, மணிமுத்தாறில் 118-க்கு எத்தனை என்று டீக்கடையில் சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். அணையில் எவ்வளவு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆற்றில் எவ்வளவு ஓடுகிறது என்று கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியாது. வெள்ளம் வந்தால் மட்டும் கன அடிக் கணக்கு தலைப்புச் செய்தியாகிறது. மிச்ச நாட்களில் ஆறு என்பது அணைக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருக்கிற ஒரு குழாய் மாதிரிதான் நமக்கு.

இன்னொரு வாக்கியமும் எல்லோருக்கும் பழக்கம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டித் தண்ணீர் போனதும் "வீணாகக் கடலில் கலக்கிறது" என்று எழுதிவிடுவார்கள். விவசாயிகள் கூட்டத்தில் நானே அப்படிப் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இப்போது அந்த 'வீண்' என்ற சொல் தொண்டையில் சிக்குகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பொதிகையில் இறங்கி, புன்னைக்காயலில் கடலைத் தொடும் வரை சுமார் 125 கிலோமீட்டர்தான் நம் ஆறு. அதற்குள் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டு. கடைசியாக இருக்கும் ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரன் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முன்னால் நம் ஆட்கள் கட்டியவை. (நதியுண்ணி என்ற பெயரைப் பிரித்துப் பார்த்தால் நதியை உண்பது என்று வருகிறது. பெயர் வைத்தவர் விவரமானவர்.) 86,000 ஏக்கருக்கு மேல் நெல்லும் வாழையும் இந்த எட்டை நம்பித்தான். அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. என் சோறும் அதிலிருந்துதான் வந்தது.

ஆனால் ஒவ்வோர் அணைக்கட்டும் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு கீழே போவது என்ன என்று பாருங்கள். பிசான அறுவடை முடிந்து, கால்வாய்களை அடைத்து, அடுத்த பருவமான கார் சாகுபடிக்குத் திறக்கும் வரை உள்ள வெயில் மாதங்களில் ஆறு மெலிந்துபோகிறது. குடிநீர்த் திட்டங்களுக்காக விடும் தண்ணீர்தான் அப்போது ஆற்றில் ஓடுகிறது. வற்றாத நதி என்ற பெயர் இருப்பதால் அதை மெலிவு என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை. முழுதாகக் காய்ந்தால்தானே நமக்குப் பிரச்சினை. மீனுக்கும் பூச்சிக்கும் அப்படியில்லை. தண்ணீர் குறையத் தொடங்கும்போதே அவற்றின் பாடு ஆரம்பித்துவிடும்.

ஆற்றில் இரண்டு வகை இடம் உண்டு. ஒன்று கசம், இடுப்புக்கு மேல் ஆழமாக நிற்கும் இடம். இன்னொன்று கல்லும் சரளையுமாகக் கணுக்கால் ஆழத்தில் சலசலவென்று ஓடும் இடம். கசத்தில் பெரிய மீன் இருப்பதால் நம் கண் அங்கேயே போகும். ஆனால் அந்த மீனுக்குச் சமையல்கட்டு சலசலக்கும் இடம்தான். நீர்மட்டம் அரை அடி இறங்கினால் கசத்தில் ஒன்றும் தெரியாது, கரையோரம் ஒரு முழம் ஈரம் காயும், அவ்வளவுதான். அதே அரை அடி சரளைப் பரப்பில் இறங்கினால் பாதி ஆற்றின் அகலம் வெயிலில் கிடக்கும். தண்ணீர் குறைந்த அளவு கொஞ்சம், பறிபோன இடம் ஏராளம். அணையின் கணக்கில் இது எங்கேயும் வராது.

அந்தச் சரளையில் ஒரு கல்லைப் புரட்டினால் என்ன இருக்கும்? என் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். முதலில் ஒன்றும் தெரியாது. அரை நிமிடம் பொறுத்தால் கல்லோடு கல்லாக ஒட்டியிருக்கும் தட்டையான ஒரு பூச்சி நகரும், வாலில் மூன்று இழை. அது மே பூச்சியின் இளம்பருவம். இறக்கை முளைத்த பிறகு அது இருப்பது ஒரு நாள், கூடினால் இரண்டு மூன்று நாள். மற்றபடி அதன் வாழ்க்கை முழுவதும் தண்ணீருக்குள்தான். அப்புறம் மணலையும் குச்சியையும் எச்சில் நூலால் ஒட்டி வீடு கட்டிக்கொண்டு, அந்த வீட்டை முதுகில் இழுத்துப் போகும் புழு. பையன்கள் அதற்குக் கொத்தனார் என்று பேர் வைத்தார்கள். அதே வகைப் புழுக்களில் வேறு ஒரு கூட்டம் வீடு கட்டாமல் கல்லிடுக்கில் சின்ன வலை பின்னி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஓடுகிற தண்ணீர் கொண்டுவந்து போடும் துணுக்குதான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் ஓடாவிட்டால் வலை தொய்ந்துவிடும், சாப்பாடும் இல்லை. தண்ணீர் அங்கேதான் இருக்கும், ஓட்டம் இருக்காது. பட்டினி.

மூச்சும் அப்படித்தான். இவற்றில் பலவற்றுக்குச் செவுள் உண்டு, ஆனால் அதை ஆட்டி ஆட்டிப் புதுத் தண்ணீரை இழுத்துக்கொள்ளத் தெரியாது. ஓட்டமே அந்த வேலையைச் செய்ய வேண்டும். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரிக்குப் போனால் ஏழரைக்கு இறங்கிவிடும். மெலிந்த ஆறு சீக்கிரம் சூடாகும். நெல்லை வெயிலில் மே மாத மதியம் அந்தக் கணுக்கால் தண்ணீரில் நின்று பாருங்கள், வெந்நீர் மாதிரி இருக்கும். சூடு ஏற ஏற உடம்பு அதிக வாயுவைக் கேட்கும், தண்ணீரில் இருப்பதோ குறையும். வரவு குறையும்போது செலவு கூடுகிற குடும்பம் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

வேகம் குறைந்தால் இன்னொன்றும் நடக்கும். தண்ணீர் சுமந்துவந்த வண்டல் கீழே உட்காரும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த சந்துகளை அடைத்துவிடும். வறட்சி வந்தால் இந்தப் பூச்சிகளில் சில, சரளைக்குள் ஒரு சாண், இரண்டு சாண் கீழே இறங்கி ஈரத்தில் பதுங்கிக்கொள்ளும். அடுத்த தண்ணீரில் மேலே வரும். வண்டல் மூடினால் இறங்க வழி இல்லை. பல வருடம் மணல் அள்ளி, சரளையே இல்லாமல் களிமண்ணும் பாறையுமாகிப்போன இடங்களில் பதுங்கவே இடம் இல்லை.

அவை போனால் ஆறு காலியாக இருக்குமா? இருக்காது. வேறு ஆட்கள் வருவார்கள். செக்கச்செவேல் என்று நெளியும் ரத்தப்புழுவை மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அதன் உடம்பில் இருக்கிறது. வாயு இல்லாத சேற்றிலும் அது பிழைக்கும். திருநெல்வேலி நகருக்குள் சாக்கடை கலக்கிற இடத்தில், தண்ணீரில் மிதந்து படரும் அமலைச் செடிக்கு அடியில் கொஞ்சம் சேற்றை அள்ளிப் பார்த்தால் அதுதான் இருக்கும். சாக்கடையை நிறுத்தவேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அதே அளவு சாக்கடை நிறைந்த ஆற்றில் விழுவதும் மெலிந்த ஆற்றில் விழுவதும் ஒன்றா? ஒரு குடம் பாலில் ஒரு சொட்டு மோருக்கும் ஒரு டம்ளர் பாலில் ஒரு சொட்டு மோருக்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஓட்டம் நின்ற ஆற்றில் என்னென்ன வளரும் என்பதற்கு இலங்கையில் நடந்ததைச் சொல்லவேண்டும். 1934-ல் அங்கே மழை பொய்த்தது. எப்போதும் நிறைந்து ஓடுகிற களனி, மகா ஓயா போன்ற ஆறுகள் இளைத்து, படுகை முழுக்கக் குட்டை குட்டையாகத் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் ஒரு வகை அனோபிலிஸ் கொசுவுக்கு ஆற்றுப்படுகைக் குட்டை என்றால் கொள்ளைப் பிரியம். அந்த வருடக் கடைசியில் தொடங்கி 1935 வரை அடித்த மலேரியாவில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அது அந்தக் காலம், மருந்து குறைவு, பஞ்சமும் சேர்ந்துகொண்டது, எல்லாம் சரி. அப்படியே இங்கே நடக்கும் என்று பயமுறுத்தவும் வரவில்லை. ஆற்றின் ஓட்டமும் நம் வீட்டுக் கொசுவலையும் ஒரே கணக்கில் வருகிற சங்கதிகள் என்று சொல்ல இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியாது.

சரி, மீனுக்கு வருகிறேன். அயிரை, கெண்டை, கெளுத்தி, ஆரல், உளுவை என்று நாம் ருசி பார்த்த மீன்கள் ஒரு பக்கம். நம் ஆற்றின் பெயரையே அறிவியல் பெயரில் சுமக்கும் ஒரு மீன் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? டாகின்சியா தம்ப்ரபர்னியை (Dawkinsia tambraparniei) என்பது அதன் பெயர். 1954-ல் மீனியல் அறிஞர் சைலஸ் இதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். விரல் நீளக் கெண்டைதான். வளர்ந்த ஆண் மீனின் முதுகுத் துடுப்பு நூல் நூலாகப் பிரிந்து நீண்டிருக்கும். இந்தப் படுகையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அதற்குச் சொந்த ஊர் இல்லை. அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் அது இருக்கிறது. நெல்லையப்பருக்கு நாம் தேர் இழுக்கிறோம். இந்த ஊர்க்காரன் ஒருவன் கோவணம் நனைகிற அளவு தண்ணீர் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

தண்ணீர் குறைந்ததும் மீன்கள் கசத்தில் வந்து கூடும். பார்க்கிறவனுக்கு அன்றைக்கு மீன் கொழிப்பதாகத் தெரியும். உண்மையில் அது அகதி முகாம். இரை பத்தாது, வாயு பத்தாது, ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் தொற்றும். உறுமீனுக்காக ஒற்றைக்காலில் காத்திருக்கிற வேலையே கொக்குக்கு இல்லை, குனிந்தால் போதும். அப்புறம் நம் ஆட்கள் வருவார்கள், வலையோடும், சிலர் பிளீச்சிங் பவுடரோடும். ஒரு கசத்தைக் காலி செய்ய ஒரு மதியம் போதும். வாயு இல்லாத தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும் ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மிஞ்சும். இரண்டும் வெளியூரிலிருந்து வந்தவை. மீன் குறையவில்லையே என்று சொல்பவர்கள் என்ன மீன் என்றும் பார்க்கவேண்டும்.

முட்டையிடுவதற்கு இந்த மீன்களுக்குக் காலண்டர் கிடையாது. முதல் புதுவெள்ளம்தான் தாக்கல், அதாவது சேதி. தண்ணீர் கலங்கி, லேசாகக் குளிர்ந்து, மட்டம் ஏறுவது உடம்பில் தெரிந்தவுடன் எதிர்த்து ஏறத் தொடங்கும். தென்மேற்குப் பருவமழையின் அந்த முதல் வெள்ளம் முழுவதையும் அணையில் பிடித்துவிட்டால் கீழே இருக்கும் மீனுக்கு ஆனி வந்ததே தெரியாது.

ஆற்று மட்டியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்குப் பல லிட்டர் தண்ணீரை வடிகட்டிச் சுத்தம் செய்கிற ஜீவன், சம்பளம் கேட்காது. அதன் குஞ்சு பிறந்ததும் ஒரு மீனின் செவுளில் தொற்றிக்கொண்டு சில நாள் வளர்ந்தால்தான் மட்டியாக முடியும். மீன் ஏறிவராத இடத்தில் மட்டிக்கும் வாரிசு இல்லை. கிழட்டு மட்டிகள் மட்டும் இருக்கும். பல வருடம் உயிரோடு இருப்பதால் எல்லாம் நன்றாக இருப்பது போலவே தோன்றும்.

இப்போது 'வீண்' என்ற சொல்லுக்குத் திரும்புகிறேன். விலாங்கு கடலில் பிறக்கிறது. கண்ணாடி போல உடம்பு தெரியும் குஞ்சாக ஆற்று முகத்துவாரம் தேடி வந்து, நன்னீரில் ஏறி, வருடக்கணக்கில் வளர்ந்து, முட்டையிடக் கடைசியாகக் கடலுக்கே போய் அங்கேயே சாகிறது. கடலில் கலக்கிற நன்னீர்தான் அதற்கு வாசல். ஆற்று இறாலிலும் சில இனங்களின் குஞ்சுகள் உவர்நீரில்தான் பிழைக்கும், வளர்ந்து மேலே ஏறும். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டித் தப்பிக்கும் விலாங்குக்கு, காய்ந்த மணலுக்கு எதைக் காட்டுவது என்று தெரியாது. ஏரல், ஆத்தூர், முக்காணி வரை ஆற்றில் நன்னீர் அழுத்தம் இல்லாவிட்டால் கடல் மேலே ஏறி வரும் என்பதைக் கீழ்ப்பகுதி அண்ணாச்சிமார்களுக்கு நான் விளக்க வேண்டாம். கிணறு உப்புக் கரித்தவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் விலாங்குக்கும் ஒரே கோரிக்கை.

வெள்ள நீரைச் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் கொண்டுபோகும் கால்வாயை நான் எதிர்க்கவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது ஆறு என்ன செய்தது என்று பார்த்தவன் நான். அப்படிப்பட்ட நாளில் மிஞ்சுவதைத் தாராளமாக எடுங்கள். நான் பேசுவது வெள்ளத்தைப் பற்றி அல்ல, சித்திரை வைகாசியைப் பற்றி.

கேட்கிறது இதுதான். எட்டு அணைக்கட்டிலும் எந்த மாதமும் முழு அடைப்பு வேண்டாம். தலைமதகில் எடுப்பதற்கு முன் ஆற்றுக்கு என்று ஒரு பங்கு ஒதுக்கிக் கீழே விடுங்கள். இது என் சொந்தக் கற்பனை இல்லை. இயற்கை ஓட்டத்தை ஒத்து ஆற்றின் தேவைக்கு ஒரு பங்கு ஒதுக்கவேண்டும் என்று 2012 தேசிய நீர்க் கொள்கையே சொல்கிறது. கங்கையில் ஹரித்வாருக்கு மேலே உள்ள பகுதிக்கு 2018-ல் மத்திய அரசு அறிவிக்கையே போட்டது. நவம்பர் முதல் மார்ச் வரை மாதச் சராசரி ஓட்டத்தில் 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, மழைக்காலத்தில் 30 ஆற்றிலேயே விடவேண்டும். கங்கைக்கு ஒரு நியாயம், பொருநை என்கிற நம் தாமிரபரணிக்கு ஒரு நியாயமா? அந்த எண்களை அப்படியே இங்கே ஒட்டவேண்டும் என்றும் இல்லை. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அவர்களை அழைத்து, எந்த மட்டத்தில் எந்தச் சரளைப் பரப்பு காய்கிறது என்று ஒரு கோடை முழுக்க அளந்து நம் ஆற்றுக்கான எண்ணை எழுதுங்கள்.

மதகை அடைக்கும்போது மெதுவாக அடைக்கவேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. எந்த ஊர், எந்த வருடம் என்று சொல்லப்போவதில்லை, ஒருநாள் சாயங்காலம் மதகை ஒரே மூச்சில் இறக்கிவிட்டார்கள். விடிந்து நான் போனபோது அணைக்கட்டுக்குக் கீழே பாறைக் குழிகளில் கெண்டைக் குஞ்சுகள் வெள்ளி வெள்ளியாகத் துள்ளிக்கொண்டிருந்தன. பையன்கள் வாளியோடு நின்றார்கள். என்னால் முடிந்தவரை துண்டில் அள்ளி ஓடுகிற தண்ணீரில் விட்டேன். இறக்கியவரைத் திட்டவில்லை, அவருக்கு வந்த உத்தரவு அடை என்பதுதான். அந்த உத்தரவில் 'படிப்படியாக' என்று ஒரு சொல் சேர்ந்திருந்தால் போதும். மட்டம் மெதுவாக இறங்கினால் மீன் தானே கசத்துக்குப் போய்விடும், அதற்கு அறிவு இருக்கிறது.

விலாங்குக் குஞ்சுக்கு ஏணி வேண்டும். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஈரமும் சொரசொரப்பும் இருந்தால் அது சுவரில்கூட ஏறிவிடும். நியூசிலாந்தில் குழாய்ப்பாலங்களிலும் சின்னத் தடுப்புகளிலும் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு மீன்குஞ்சுகளை ஏறவைக்கிறார்கள். நம்மிடம் தென்னங்கயிறுக்கா பஞ்சம்? ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ஓரமாகத் தண்ணீர் கசிந்து வழியும்படி விட்டு, முதலில் அங்கே பரீட்சை பண்ணிப் பார்க்கலாம்.

"மனுஷனுக்கே தண்ணி இல்ல, சார்வாள் மீனுக்குக் கேக்காரு" என்று யாராவது சொல்வீர்கள். போன மாதம் என் மைத்துனரே சொன்னார். அவர் வீட்டுக் குழாயில் வருவது ஆற்று மணலில் இறக்கிய உறைகிணற்றுத் தண்ணீர். மேலே ஓட்டம் இருந்தால்தான் அந்தக் கிணற்றில் ஊறும். அதைச் சொன்னதும் அவர் பேச்சை மாற்றிவிட்டார். கார் சாகுபடிக்கே தண்ணீர் கிடைக்காத வருடங்கள் உண்டு என்பதை மறக்கவில்லை. அந்த வருடங்களில் நமக்குக் குறைவதைப் போல ஆற்றுக்கும் குறையட்டும். பங்கே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வரும் வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்னால், உங்களில் நான்கைந்து பேர் மருதூர் அணைக்கட்டுக்குக் கீழே வரமுடியுமா? வேட்டியை மடித்துக் கட்டினால் போதும், ஆழம் இருக்காது. ஒரு வெள்ளைத் தட்டும் பெயிண்ட் பிரஷும் நான் கொண்டுவருகிறேன். ஆளுக்கு ஒரு கல் புரட்டுவோம். கொத்தனார் இன்னும் வேலைக்கு வருகிறாரா, இல்லை ரத்தப்புழு மட்டும்தானா என்று எண்ணிப் பார்ப்போம். டீ என் செலவு.

இப்படிக்கு,
மருதூர் மேலக்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார்